கண்ணாடி துடைக்கிற துணி

அந்தக் கவரை மட்டும் இப்படி ஓரமா நகத்தி வச்சுட்டு உட்காரு கண்ணு. அது ஒண்ணுமில்ல, யாரோ ஒரு அம்மா வந்து பாஸ்போர்ட் சைஸ் எடுத்துட்டுப் போனாங்களாம், இன்னும் வாங்க வரல. ம், நீ சொல்லு. மாப்பிள்ளை வீட்டுல, கல்யாணப் போட்டோவை ஓசியில எடுத்துத் தர்றவன் ஒருத்தன் இருக்கும்போது ஸ்டூடியோ எதுக்குங்கறாங்க. நீ, இல்ல, எங்க மாமாதான் எடுக்கணும்ங்கற. அதானே? இதைச் சொல்ல ஏன்மா இப்படித் தயங்குற? இப்பல்லாம் இந்தக் கடைக்கு வர்றவங்க எல்லாரும் இந்த ஒரு பேச்சைத்தான் பேசுறாங்க. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு.

கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவேன், தப்பா நெனச்சுக்காத. உன் மாமா, எங்க வீட்டுக்காரரு, உள்ள திரைக்குப் பின்னால இருக்காரு. அவரு காதுலயும் விழணும். வர்றவங்களைப் புடிச்சு வைக்க எனக்குத் தெரியலன்னு அவருக்குக் குறை. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க, நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல மாட்டியாம்பாரு. என்ன சொல்லணும்னும் அவரே பாடம் எடுத்திருக்காரு. சொல்றேன் கேளு.

நாங்க வந்தா ரெண்டு கேமராவோட வருவோம். ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு இருக்கும். ஓசிக்காரன்கிட்ட ஒண்ணுதான், அதுவும் யாருகிட்ட இரவல் வாங்கினதோ. அப்புறம், காசு வாங்கினவன் காய்ச்சலோடயாவது வந்து நிப்பான். சும்மா எடுக்கறவன் அன்னிக்குக் காலையில போன் பண்ணி, அக்கா தலைவலின்னா நீ யாரைப் போய்க் கேப்ப? தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்க முடியுமா? அப்புறம்... இன்னொண்ணு சொன்னாரே. ஏங்க! மூணாவது என்னங்க? ஆங், ஆல்பம். ஆல்பம்ங்கறாரு. ஓசிக்காரன் எல்லாத்தையும் போன்ல அனுப்பிட்டுப் போயிடுவான், போன் தொலைஞ்சா கல்யாணமே நடக்காத மாதிரிதான். நம்ம ஆல்பம் பேரப்புள்ள காலம் வரைக்கும் நிக்கும்.

சிரிக்காத கண்ணு. பாடம் ஒப்பிக்கற மாதிரி இருக்கோ? பள்ளிக்கூடத்துலயே நான் இப்படித்தான். பாதியில மறந்துடும். அதனாலதான் பாதியிலயே நின்னுட்டேன்.

ஊர்ல எல்லாருக்கும் சும்மா எடுத்துத் தர்றானே ஒரு பையன், அவனுக்கு அவரு பேரே வச்சுட்டாரு, ஓசித் துரைன்னு. நெஜப் பேரு என்னன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. காலையில ஷட்டரைத் தூக்கும்போதே, துரை இன்னிக்கு யாரை ஓட்டிக்கிட்டுப் போனானோன்னு சொல்லிக்கிட்டேதான் தூக்குவாரு. சும்மா குடுத்தா ஜனங்க பினாயிலைக்கூடக் குடிப்பாங்கடீன்னு, போற வர்றவங்க காதுல விழற மாதிரி சொல்லுவாரு. நான்தான், மெதுவாங்க, அவங்க டூத்பேஸ்ட் வாங்கப் போறாங்கன்னு கையைப் புடிச்சு இழுப்பேன்.

அப்பா எப்படிம்மா இருக்காரு? எழுந்து உட்கார முடியுதா? தலைமாட்டுல ரெண்டு தலைகாணி வச்சா உட்காருறாரா. நல்லது. கல்யாணத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்துடுவியா? சக்கர நாற்காலியில. ஒரு மணி நேரம். டாக்டர் அதுக்குத்தான் சம்மதிச்சாரா. ம். ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம். அதுலயே எல்லாம் ஆயிடும். சாமி பாத்துக்கும்.

அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மாமா வேணும்ங்கறியா நீ.

புரியுது. உன் ஒரு வயசு போட்டோ ஷோகேஸ்ல இருக்கே, பாத்தியா? கன்னத்துல கண்ணீர் காயல, அதுக்குள்ள சிரிப்பு. உங்கப்பா உன்னைத் தூக்கி இதே ஸ்டூல்ல வச்சாரு, நீ வீல்னு கத்தின. இவரு கேமராவுக்குப் பின்னால பூனை மாதிரி கத்தினாரு. நீ அடங்கல. உங்கப்பாவும் சேந்து கத்தினாரு பாரு, பேங்க்ல வேலை பாக்கற மனுஷன், டை எல்லாம் கட்டிக்கிட்டு, ரெண்டு பூனையும் மாத்தி மாத்தி. நீ சிரிச்ச. அந்த நொடியை எடுத்தாரு. எத்தனையோ குழந்தைங்க போட்டோவை மாத்தியாச்சு, உன்னுதை மட்டும் எடுக்க விடமாட்டேங்கறாரு.

இதோ வந்துட்டாரே. ஏங்க, யாருகிட்டங்க வணக்கம் சொல்றீங்க? கஸ்டமர் இல்லீங்க, நம்ம பேங்க்காரர் பொண்ணு! பூனைக்குட்டி! ... இருட்டுலேருந்து திடீர்னு வெளிச்சத்துக்கு வந்தா அப்படித்தான் கண்ணு, கண்ணு கூசும். நீயும் வளந்துட்டல்ல. நேத்துப் பாத்த மாதிரி இருக்கு, கல்யாணப் பொண்ணா வந்து நிக்கற.

எங்கங்க கிளம்பிட்டீங்க? துணியா? போன வாரம்தானே புதுசு வாங்கினீங்க? அழுக்குப் போகலியா. சரிங்க. வண்டி வேணாம், நடந்தே போங்க, நாலு கடை தள்ளித்தானே. கடைசிப் படி. பாத்து. ம்.

கேமரா கண்ணாடி துடைக்கிற துணிம்மா. மெத்துனு இருக்குமே, அது. இப்ப அவருக்கு நாள் பூரா அதான் வேலை. மூக்குக்கு மேல கேமராவை வைப்பாரு, எடுப்பாரு, துடைப்பாரு, மறுபடி வைப்பாரு. சட்டை நுனியில துடைப்பாரு, துணியில துடைப்பாரு, ஊதி ஊதித் துடைப்பாரு.

போயிட்டாரா? இரு, கொஞ்ச தூரம் போகட்டும்.

ம். இப்பக் கேளு கண்ணு. நீ அந்தப் பையன்கிட்டயே எடுத்துக்கோ.

ஆமா, ஓசித் துரைகிட்டதான். நான் சரியாத்தான் பேசறேன். இதுவரைக்கும் பேசினது அவரு பாடம். இது என் பேச்சு. மாப்பிள்ளை வீட்டுல சொல்றதைக் கேளு. புதுசாப் போற இடத்துல போட்டோக்காரனுக்காக ஏன் மொதல் சண்டை?

இல்லம்மா, அன்னிக்கு எங்களுக்கு வேற ஒரு விசேஷம் ஒத்துக்கிட்டாச்சு. அதான். வெளியூரு. பெரிய இடம்... காலண்டரா? அந்தக் காலண்டர்ல எழுதல. இப்பல்லாம் அதுல எழுதறதில்ல. அப்படிப் பாக்காத என்னை. எனக்குப் பொய் சொல்லவும் தெரியாது, சொன்ன பொய்யக் காப்பாத்தவும் தெரியாது. என் மக சொல்லுவா, அம்மா நீ பொய் சொன்னா உன் காது முன்னாடியே சிவந்துடும்னு.

ஐயோ, சின்னக் கல்யாணம்னா வரமாட்டோமா? அப்படியா நெனச்ச? என்ன பேச்சும்மா இது. உங்க வீட்டுக்கு வர நாங்க ஆள் பாப்போமா? உங்கம்மா போனப்ப மாட்டுறதுக்கு ஒரு படம் வேணும்னு உங்கப்பா வந்து நின்னாரே, அன்னிக்கு இவரு பழசெல்லாம் கிளறி, யாரு கல்யாணத்துலயோ உங்கம்மா திரும்பிப் பாக்கற மாதிரி ஒண்ணைக் கண்டுபுடிச்சு, அதைப் பெரிசு பண்ணிக் குடுத்தாரு. உங்கப்பா காசை எடுத்தப்ப இவரு அந்தக் கையைப் புடிச்சுத் தடுத்துட்டாரு. அந்தக் கையோட உறவும்மா. சின்னது பெரிசுன்னெல்லாம் சொல்லாத.

அந்தப் பையன் நல்லா எடுக்கறாம்மா. நான் பாத்தேன். அவருக்குத் தெரியாம என் மக போன்ல காட்டினா. கொஞ்சம் சாய்ச்சு சாய்ச்சு எடுக்கறான், மேடையே கவுந்துடும் போல இருக்கு. வயசு அப்படி. ஆனா முகம் முகமா இருக்கு. சிரிக்கறவங்க பல்லு தெரியுது, அழறவங்க கண்ணு தெரியுது. அது போதும் கண்ணு. வேற என்ன வேணும் போட்டோவுல?

தினம் சாமிகிட்ட நான் என்ன வேண்டிக்கறேன் தெரியுமா? சிரிக்கக் கூடாது. இவருக்கு நல்லதைக் குடுன்னு வேண்டிக்கிட்டு, அப்படியே அந்தப் பையனுக்கும் வேண்டிக்குவேன். சாமி, அவன் கேமரா கெட்டுப் போகக் கூடாது, அவன் காலையில நேரத்துக்கு எழுந்திருக்கணும், அவன் திடீர்னு காசு கேக்க ஆரம்பிக்கக் கூடாதுன்னு. புருஷனுக்குப் போட்டிக்கு நிக்கறவனுக்கு வேண்டிக்கிற பொண்டாட்டியை நீ எங்கயாவது பாத்திருக்கியா? சாமிக்கே குழப்பமா இருக்கும். இந்தப் பொம்பளை எந்தக் கட்சின்னு.

ஏன்னு கேக்கறியா?

சரி. வாத்தியார் வீட்டுக் கல்யாணம் தெரியுமா உனக்கு? அந்த முக்கு வீடு. பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு நாங்கதான். நானும் கூடப் போவேன்ல. முடியை ஒதுக்கி விடறது, குழந்தையைச் சிரிக்க வைக்கறது, கோவிச்சுக்கிட்டு மூலையில நிக்கற சித்தப்பாவைத் தாஜா பண்ணி மேடைக்குக் கூட்டிட்டு வர்றது, எல்லாம் என் வேலை. நல்லாத்தான் போச்சு. இவரு அன்னிக்கு அசராம எடுத்தாரு. வீட்டுக்கு வந்து காலைப் புடிச்சு விட்டேன், இன்னிக்கு ஒரு அம்சமான படம் மாட்டிச்சுடீன்னாரு. மோதிரம் மாத்தும்போது வாத்தியாரு கண்ணைத் துடைச்சிக்கிட்டாராம், அதைப் புடிச்சுட்டாராம்.

ஆல்பம் போடறது என் மக. அவ வீட்டுலேருந்தே கம்ப்யூட்டர்ல பண்ணிடுவா. படமெல்லாம் அனுப்பினோம். சாயங்காலம் போன் பண்றா. அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரான்னா. கொல்லைப்பக்கம் இருக்காருன்னேன். அப்படியே வெளிய வான்னா. போனேன். அம்மா, ஒரு முகமும் தெளிவா இல்லம்மாங்கறா.

பின்னால தொங்கற பூ தெளிவா இருக்காம். மேடை லைட்டு தெளிவா இருக்காம். வாத்தியார் சட்டைப் பையில சொருகின பேனா, அதுல எழுதியிருக்கறதைக்கூடப் படிக்க முடியுதாம். முகம் மட்டும் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி. மோதிரம் மாத்தற படமும் அப்படித்தான். கண்ணைத் துடைக்கற கை, மயிரிழைகூடத் தெரியுது. யாரு கண்ணைன்னு தெரியல.

கேமராவே பாத்துக்கும்ல, கேக்கறியா? என் மகளும் அதைத்தான் சொன்னா. பட்டனை அழுத்துங்கப்பா, மத்ததை அதுவே பண்ணும்னு. விடமாட்டாரு. கூட்டத்துல எந்த முகம் முக்கியம்னு மெஷினுக்கு என்ன தெரியும்ங்கறாரு. பொண்ணு முன்னாடி நிக்கும், அழற அம்மா பின்னாடி நிப்பா, நான் பின்னாடி இருக்கறவளைத்தான் எடுக்கணும்னு அதுக்கு யாரு சொல்லுவாங்கறாரு. கையாலதான் திருகி வைப்பாரு. நேத்து வரைக்கும் அதுதான் அவரு பெருமை.

அப்புறம் என்ன பண்றது? கல்யாணத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியுமா? என் மக, அங்க வந்தவங்க போன்ல எடுத்ததையெல்லாம் கெஞ்சி வாங்கி, பாதி ஆல்பத்தை அதுலயே ஒப்பேத்தினா. இவருகிட்ட காட்டல. அச்சாகி நேரா அங்கயே போயிடுச்சுன்னு சொல்லிட்டோம். நான் கொண்டுபோய்க் குடுத்தேன். வாத்தியாரு ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாரு. கண்ணாடியைக் கழட்டினாரு, மாட்டினாரு. என்னைப் பாத்தாரு. டீ குடிக்கறீங்களான்னாரு. அந்த டீயையும் வாங்கிக் குடிச்சுட்டு வந்தேன்.

ரெண்டாவது பொண்ணு கல்யாணம் வந்துது. வாத்தியாரு நேரா இங்க வந்தாரு. சார், தப்பா நெனச்சுக்காதீங்க, மாப்பிள்ளையோட கூட்டாளி ஒரு பையன் சும்மாவே எடுத்துத் தர்றேங்கறான், எங்களுக்கும் கையக் கடிக்குதுன்னு. தங்கமான மனுஷன். படம் சரியா வரலன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. அந்தப் பையன்மேல பழியைப் போட்டுட்டுப் போனாரு.

அப்ப இவரு என்ன பண்ணினாருங்கற? குதிச்சாரு. நன்றி கெட்ட ஜனம், ஓசின்னா ஓடும்னு ஒரே சத்தம். ஓசித் துரைன்னு பேரு வச்சது அன்னிக்குத்தான். ஆனா கண்ணு, அன்னிக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டாரு. இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. அதைப் பாத்தேன் நான். கோவம் வந்தா மனுஷன் சாப்பிடறான். அவமானம் வந்தா சாப்பிட மாட்டான். போட்டிக்கு ஒருத்தன் வந்து கஸ்டமரை இழுத்துக்கிட்டுப் போனா, அது யாபாரம். தலை நிமிந்து திட்டலாம். உன் படம் சரியில்லன்னு ஒருத்தர் சொல்லிட்டா?

அப்ப புடிச்சுக்கிட்டதுதாம்மா இது. ஓசித் துரை இவருகிட்டயிருந்து யாரையும் ஓட்டிக்கிட்டுப் போகல. வர்றவங்களை நான்தான் அங்க அனுப்பறேன். டெய்லரம்மா வந்தாங்க, அனுப்பினேன். வீடு கட்டிக் குடி போனாங்களே அந்த டிரைவரு, அவரையும். சிலபேரு விரும்பித்தான் போறாங்க. சிலபேரு உன்னை மாதிரி, மாமாதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. அவங்களை அனுப்பறதுதான் கஷ்டம். கடை நடத்தறவ, வர்றவங்களை வராதீங்கன்னு கையெடுத்துக் கும்புடறேன்.

புதுக் கேமரா வாங்கலாமேவா? வாங்கினோமே. வெளியூர்ல இருக்கற என் மகன் அனுப்பினான். அதுலயும் அழுக்காம். பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே, என்னடி இதுலயும் நடுவுல கறைன்னாரு. அதிலேருந்துதான் இந்தத் துணி வாங்கறது.

டாக்டரா. போன தடவை நான் என் கண்ணாடிக்கு நம்பர் பாக்கப் போனப்ப, எனக்குத் தெரிஞ்சவருக்குன்னு சொல்லிக் கேட்டேன். ஓரமெல்லாம் தெரியுதா, நடுவுல மட்டும் மசமசங்குதான்னு அந்த டாக்டரம்மா கேட்டாங்க. ஆமான்னேன். கூட்டிட்டு வாங்க, போனதைத் திருப்ப முடியாது, இருக்கறதையாவது காப்பாத்தப் பாக்கலாம்னாங்க. வந்து எப்படி எப்படியோ சொல்லிப் பாத்தேன். என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லடி, கண்ணாடிதான் அழுக்குங்கறாரு. மகன் சொன்னா மக சொல்லிக் குடுத்தாங்கறாரு. மக சொன்னா நான் சொல்லிக் குடுத்தேங்கறாரு. கடை போர்டுல ஒரு எழுத்து பெயிண்ட் போனதுக்கே ரெண்டு வேளை சாப்பிடாத மனுஷன். அவருகிட்ட போய் நான் எந்த வாயால சொல்ல? ஒருவேளை அவருக்கே தெரியுமோ என்னவோ. தெரிஞ்சுதான் துடைக்கறாரோ. கேக்கவே பயமா இருக்கும்மா. கேட்டு, ஆமாடீன்னுட்டாருன்னா அப்புறம் நான் எதைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன்?

அழாத. நீ அழுதா நானும் அழுதுடுவேன், அவரு வர்ற நேரம்.

உங்கப்பாவுக்கு இருக்கறது ஒரு மணி நேரம். அதுல உன்னையும் அவரையும் சேத்து வச்சு ஒரு படம். அதுல உங்கப்பா சட்டைப் பட்டன் மட்டும் தெளிவா இருந்தா நீ என்னை வாழ்நாள் பூரா மன்னிப்பியா? நீ மன்னிச்சுடுவ. வாத்தியாரும் மன்னிச்சுட்டாரு. நான்தான் தினம் அந்த டீயக் குடிச்சுக்கிட்டிருக்கேன். அதனால சொல்றேன், தாயா நெனச்சுக் கேளு. அந்தப் பையனைக் கூப்பிடு. அப்பா நாற்காலிகிட்ட மண்டி போட்டு, அவரு உசரத்துக்கு உட்காந்து எடுக்கச் சொல்லு. மேலேருந்து எடுத்தா நோயாளி மாதிரி தெரிவாரு. கீழேருந்து எடுத்தா அப்பா மாதிரி தெரிவாரு. இது மாமா சொன்னதுன்னு சொல்ல வேணாம். அப்படியே சொல்லிடு.

இதோ வர்றாரு. முகத்தைத் துடை. மாமாகிட்ட நீயே சொல்லிடு, மாப்பிள்ளை வீட்டுல கேக்க மாட்டேங்கறாங்கன்னு. அது பொய்யும் இல்லல்ல?

வாங்க. கிடைச்சுதா துணி? மஞ்சளா? நல்லா இருக்குங்க, மெத்துனு. கேட்டீங்களா, பூனைக்குட்டி சொல்றதை. ம். மாப்பிள்ளை வீட்டுல ஓசித் துரைதானாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேங்க. ரெண்டு கேமரா சொன்னேன், தலைவலி சொன்னேன், ஆல்பம் சொன்னேன், எல்லாம் சொன்னேன். அவ என்னங்க பண்ணுவா பாவம், சின்னப் பொண்ணு. நீங்க கத்தாதீங்க.

என்னங்க? இப்பவா? ... அட, பாரு கண்ணு, உன் மாமா கத்தவே இல்ல. உன்னை இப்பவே ஒரு படம் எடுக்கறாராம். அப்பா தலைமாட்டுல வைக்க. காசு வேணாமாம். ஓசியில எடுக்க எனக்கும் தெரியும்னு அந்தத் துரைகிட்டப் போய்ச் சொல்லுங்கறாரு.

வேணாம்னு சொல்லிடாத. உட்காரு, அதே ஸ்டூல்தான். இப்படித் திரும்பு. முடியை நான் ஒதுக்கி விடறேன். அவரு லைட்டைப் போடட்டும், அந்த ஒயர் சிக்கை எடுக்கக் கொஞ்ச நேரமாகும்.

ஆங்? இல்லீங்க, அந்தக் கவர் அங்கயேதான் இருக்கு. அந்தம்மா இன்னும் வாங்க வரல. வருவாங்க, வருவாங்க. நீங்க லைட்டைப் பாருங்க.

கண்ணு, உனக்கு மட்டும் சொல்றேன். அந்தக் கேமராவை நேத்து அவரு தூங்கும்போது நான் எடுத்துப் பாத்தேன். கண்ணாடியில ஒண்ணும் இல்ல. பளிங்கு மாதிரி இருக்கு.

படம் எப்படி வந்தாலும் நல்லா இருக்கு மாமான்னு சொல்லிடு. அது ஒண்ணும் பெரிய பாவம் இல்ல. இருந்தா என் கணக்குல எழுதிக்கட்டும். கழுத்தை நிமித்து. ம், அப்படித்தான். போன வாரம் எனக்கு சளி புடிச்சு, தொண்டை கட்டி, குரலே வரல. மக அனுப்பின புதுச் சேலையைக் கட்டிக்கிட்டு, வழக்கமில்லாம இந்த முன்வாசல் வழியா வந்தேன். வாங்கம்மா, உட்காருங்க, பாஸ்போர்ட் சைஸான்னாரு. கிண்டல் பண்றாருன்னு நெனச்சு, நானும் விளையாட்டா இந்த ஸ்டூல்ல உட்காந்தேன். தலையைக் கொஞ்சம் தூக்குங்கம்மான்னாரு. இத்தனை வருஷத்துல என்னை அவரு ங்க போட்டுப் பேசினதில்ல. அப்பத்தான் புரிஞ்சுது. சிரிங்கம்மா, கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்கன்னாரு. சிரிச்சேன். எழுந்து போய், கொல்லைப்பக்கமா பின்னால இருக்கற நம்ம வீட்டுக்குள்ள வந்து, அடுப்பைப் பத்த வச்சேன்.

அந்தக் கவர்தான் அது. பிரிக்காத. இருக்கட்டும்.

ஏங்க, வெளிச்சம் முகத்துல நல்லா விழுதுங்க. இன்னும் இந்தப் பக்கம், ஒரு அடி. போதும்.

அவ சிரிச்சிட்டா. எடுங்க.